விமானம் மாறப் போன புதன்கிழமை மாஸ்டர்

தையல்கடை மாஸ்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையின் பெயர்ப்பலகையில்கூட அது இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் புதன்கிழமை மாஸ்டர். துணியைக் கொடுத்துவிட்டு, "எப்ப வரட்டும் மாஸ்டர்?" என்று யார் கேட்டாலும், கழுத்தில் தொங்கும் டேப்பை ஓர் இழுப்பு இழுத்து, "புதன்கிழமை வாங்க" என்பார். எந்தப் புதன்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார். புதிதாக வருபவர்கள் அடுத்த புதன் என்று நம்பிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

போனவர்கள் திரும்பி வந்து கேட்டால், "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார், பொத்தான் துளை போட்டுவிட்டால் முடிந்தது என்பதுபோல. அந்தக் கடையில் காஜா மட்டும்தான் பாக்கி என்றால், துணி இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை என்று பொருள். "அயர்ன் பண்ணிட்டா ஆச்சு" என்றால் இப்போதுதான் வெட்டி வைத்திருக்கிறார். "இப்பத்தான் உங்களை நினைச்சேன், நூறு வயசு உங்களுக்கு" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றால், துணி எங்கே கிடக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு ஏன் அவரிடமே எல்லோரும் போனார்கள் என்றால், அவர் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கூன் விழுந்தவர்கூட அதில் நிமிர்ந்து தெரிவார். அவர் சோம்பேறியும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் மிஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதை மட்டும் அவரால் பார்க்கமுடியாது. "ஒரு மாசம் ஆகும்" என்று சொன்னால் முகம் சுருங்கும். "புதன்கிழமை" என்றால் மலரும். மலர்ந்த முகத்தோடு ஆளை அனுப்பிவிட்டால் அன்றைய பாடு தீர்ந்தது, மற்றதைப் புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

பழைய வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாதக் கடைசியில் விழா என்றால், மாத நடுவில் என்று சொல்லித் துணியைக் கொடுப்பார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மாஸ்டருக்கும் தெரியும். அதற்குத் தகுந்தபடி மனசுக்குள்ளேயே நாளைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறிப் புளுகி, கடைசியில் துணி எப்படியோ விழாவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. யாரும் யாரையும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னலே இல்லாத அறை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் வாயிலிருந்து வருவது ஒரே பாட்டுதான்: "மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. விடுங்க." வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. மாஸ்டர் ஏதாவது சாக்குச் சொல்ல வாயைத் திறந்தால், "அசையாதீங்க" என்பாள். மனிதர் திறந்த வாயோடு அப்படியே நிற்பார்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் விடுமுறைக்கு ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம் போய்விட்டு வந்து, எல்லோருக்கும் செல்போனில் படம் காட்டினார். சிங்கம், யானை எல்லாம் இருந்தன. எக்ஸ்ரேக்காரியின் கண் அதிலெல்லாம் நிற்கவில்லை. ஒட்டகச்சிவிங்கிகள் ஒரு கூட்டமாக ஓடுவதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு நீள எலும்புகளை வைத்துக்கொண்டு, ஏதோ தண்ணீருக்குள் ஓடுவதுபோல அத்தனை நிதானமாக ஓடுகின்றன. அசையாதே என்று அவற்றிடம் சொல்ல அங்கே யாருமில்லை. வீட்டுக்கு வந்ததும், "எனக்கு அதை நேர்ல பாக்கணுங்க" என்றாள். அதுவரைக்கும் அவள் அவரிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"அதுக்கென்ன, அடுத்த வருஷம் போறோம்" என்றார் மாஸ்டர் உடனே. அவள் முகம் மலர்ந்தது. வந்தது வினை. மலர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டதால், அவரைப் பொறுத்தவரை ஆப்பிரிக்கா அன்றைக்கே முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் வந்தது. அது அதற்கடுத்த வருஷத்தைக் கைகாட்டிவிட்டுப் போனது. ஆப்பிரிக்காவுக்கு எப்போதும் காஜா மட்டும்தான் பாக்கி இருந்தது.

இந்த வருஷம் அவளுடைய வலது முட்டி குறுக்கே வந்தது. கூட வேலை செய்பவளை எடுக்கச் சொல்லி, தன் முட்டியின் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாயங்காலம் அதைக் கொண்டுவந்து கடையின் வெட்டு மேசை மேல் வைத்தாள்.

"இதைப் பாருங்க. நடுவுல இருக்க வேண்டியது தேஞ்சு போச்சு. அடுத்த வருஷம் வெட்டி மாத்தியே ஆகணுமாம். நான் ஒட்டகச்சிவிங்கியை என் சொந்த முட்டியோட நடந்து போய்ப் பாக்கணும். லீவு எழுதிக் கொடுத்துட்டேன்."

"போயிடலாம். அதுக்கென்ன..."

"அசையாதீங்க." மாஸ்டர் அசையவில்லை. "பத்து நாள் லீவு. டிக்கெட் வேலையெல்லாம் உங்க பொறுப்பு. இந்தத் தடவையும் தேதி தவறிச்சுன்னா நான் என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் நீங்க எந்தத் தேதி சொன்னாலும் நான் காதுல போட்டுக்க மாட்டேன். கோபமெல்லாம் இல்லை. வெறுமனே கேட்டுக்கிட்டுப் போயிடுவேன், ரேடியோவைக் கேக்கற மாதிரி."

தங்கையோடு போய்விடுவாள் என்பது அவரை அவ்வளவாகத் தைக்கவில்லை. ரேடியோ என்று சொன்னாளே, அது தைத்தது. அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார். தெருவே அதிசயமாகப் பார்த்தது.

மறுநாளிலிருந்து வெட்டு மேசையில் பயண ஏற்பாடு தொடங்கியது. மாடல் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தை நீளமாக விரித்தார். பக்கத்துக் கடைக்காரரின் மகளிடமிருந்து பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை இரவல் வாங்கி, கழுத்து டேப்பை எடுத்து ஊரிலிருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் அளந்தார். கடலை இஞ்ச் டேப்பால் அளந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். அளந்ததில் அது ஒரு முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டு அளவுகூட இல்லை என்பதைக் கண்டு கொஞ்சம் தெம்பும் வந்தது.

மொத்தம் மூன்று விமானங்கள். முதல் விமானம் பாலைவன நகரம் ஒன்றுக்குப் போகிறது. அங்கே இறங்கி, தெற்கே கீழ்க்கோடியில் உள்ள பெரிய நகரத்துக்கு இன்னொரு விமானம் ஏற வேண்டும். அங்கிருந்து காட்டு ஓரத்துக் கூடாரங்களுக்கு ஒரு குட்டி விமானம். அது காலையில் மட்டும்தான் பறக்கும்.

இதில் என்ன சங்கடம் என்றால், விமானக் கம்பெனி அச்சடித்திருந்த எந்த நேரத்தையும் மாஸ்டரால் நம்ப முடியவில்லை. ஒருவர் ஒரு நேரத்தைச் சொன்னால் அது எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தச் சொல்வது என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். காலை பத்து மணிக்கு இறங்கும் என்று போட்டிருந்தால், அவர் காதில் அது "புதன்கிழமை வாங்க" என்றுதான் விழுந்தது. ஆகவே உள்தையலில் துணி விடுவதுபோல எல்லா இடத்திலும் தாராளமாக விட்டார். பாலைவன நகரத்தில் ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும். பெரிய நகரத்தில் இரண்டு ராத்திரி. திரும்பி வரும்போதும் அதே மாதிரி. தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளலாம், விட்டுக்கொள்ளலாம் என்று காகிதத்தின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு வேறு போட்டு வைத்தார்.

மனைவி வந்து காகிதத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"இதுல ஒட்டகச்சிவிங்கி எங்க இருக்கு?"

"இதோ, இங்க." மாஸ்டர் விரல் நுனியை வைத்துக் காட்டினார்.

"ஒரு நாளா?"

"ஒரு நாள் முழுசா இருக்கே!"

"அன்னிக்கு அது லீவு போட்டிருந்தா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பழுப்புக் காகிதத்தை அழகாகச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, "டிக்கெட் ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றாள். அவள் இவ்வளவு சாதுவாக இருந்ததே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

டிக்கெட் ஆபீஸ் என்பது மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு நாற்காலி, சுவர் நிறையக் கடற்கரைப் படங்கள், வெந்நீர் கொதிக்கிற ஒரு கெட்டில். அதை நடத்துகிற அம்மாள் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ரகம். அவளும் மாஸ்டரின் வாடிக்கையாளர்தான். மழைக்காலத்துக்கென்று அவள் தைக்கக் கொடுத்த கோட்டு, மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகும் கடையிலேயே இருந்தது.

பழுப்புக் காகிதத்தைப் பார்த்து அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"மாஸ்டர், பாலைவன ஊர்ல ரெண்டு மணி நேர இடைவெளியில தெற்குக்கு விமானம் இருக்கு. ரெண்டு மணி நேரம் தாராளம்."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"கம்பெனி சொல்லுது."

"அவங்க சொல்லுவாங்க மேடம். நானும்தான் சொல்றேன்."

"அது எனக்குத் தெரியும். என் கோட்டு என்ன ஆச்சு?"

"காஜா மட்டும்தான் பாக்கி."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, இதைக் கேளுங்க. ரெண்டும் ஒரே டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவதைத் தவறவிட்டீங்கன்னா, அடுத்ததுல ஏத்தி அனுப்பறது அவங்க பொறுப்பு. நீங்க எதுக்கு ராத்திரியெல்லாம் அங்க உக்காந்திருக்கணும்?"

"இருக்கறதே பத்து நாள் மேடம். அதுல எங்கயாவது இடிச்சுதுன்னா எல்லாம் போச்சு."

"பத்து நாளா? பதினாலுன்னு இல்ல உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க? அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவர் தின்னது போக மிச்சம் நாலு நாளாவது எனக்கு வேணும்னு..." அவள் சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தலையிலிருந்த கண்ணாடி மூக்கில் வந்து விழுந்தது. "ஐயோ, மாஸ்டர். நான் ஒண்ணும் சொல்லலை."

மாஸ்டர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அண்ணன் மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அவர்கள் போனபோது வாசல் கதவே திறந்திருக்கவில்லை. "பார்த்தியா, நாமதான் முதல்ல" என்று அவர் மார்தட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி ஆண்டு விருந்துக்குப் போனபோது நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அவர் பெருமைதான் பட்டார். ரயில் நிலையங்களில் அவர்கள் எத்தனை டீ குடித்திருக்கிறார்கள்! வெளியில் தான் பத்துப் பேருக்குப் புதன்கிழமை சொன்னாலும், வீட்டு விஷயத்தில் தான் நேரம் தவறாதவர் என்றே அந்த மனிதர் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் தேதியைக் குறைத்துச் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர், பக்கத்தில் படுத்திருப்பவளைக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு வலித்தது. பழுப்புக் காகிதத்தை வழியில் எங்கேயாவது வீசிவிடலாமா என்றுகூட இருந்தது.

மனைவி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனை நாள் லீவு?"

"பத்து நாள்னு சொன்னேனே."

"உண்மையா எத்தனை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்கே விரிசல் என்று தேடுவாளே, அந்தப் பார்வை. "பதினாலு" என்றாள்.

"நான் என்ன உனக்குக் கஸ்டமரா? தேதியைக் குறைச்சுச் சொல்றே?"

"நீங்க ஏன் கஸ்டமர்? நான்தான் உங்க கஸ்டமர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து." அவள் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள். "எனக்கும் புதன்கிழமைதானே சொல்றீங்க. அடுத்தவங்களாவது கோட்டை வேற இடத்துல குடுத்துத் தச்சுக்கலாம். நான் எங்க போறது?"

சமாதானம் சொல்ல ஆயிரம் வார்த்தை அவருக்குத் தெரியும். எல்லாம் கடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். சுருட்டிய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "இனிமே என்கிட்ட பதினாலுன்னா பதினாலுன்னே சொல்லு. அதுல ஒரு நாளைக்கூட நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"சரி" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "இதையும் அதே மாதிரிதான் சொல்றீங்க. டேப்பைப் பிடிச்சு இழுக்கறது ஒண்ணுதான் பாக்கி."

மறுநாள் காலையில், கடையைத் திறப்பதற்கு முன்னாலேயே மாஸ்டர் போய் டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டு மணி நேர இடைவெளி. எங்கும் ராத்திரித் தங்கல் இல்லை. பத்து நாளில் ஒன்றாக இருந்த காடு, பதினாலில் ஒன்பதாக ஆனது. அந்த அம்மாளின் கோட்டையும் அன்று மாலையே முடித்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்க்க வியர்க்க வீட்டுக்குப் போனாளாம்.

இப்போது பயம் மனைவியைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டே மணி நேரமா? எதுக்குங்க இவ்வளவு இறுக்கிப் பிடிச்சீங்க? என் முட்டி என்ன வேகத்துல போகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு அஞ்சாறு மணி நேரமாவது விட்டிருக்கலாமே."

"கம்பெனிக்காரன் போதும்கறான்."

"அவன் சொன்னா?"

"நம்பணும்" என்றார் மாஸ்டர், கசப்பு மருந்து குடித்தவர் முகத்தோடு. அவளை அசையாமல் நிற்க வைக்க அவருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

கடைக்கதவில், இன்ன தேதியில் திறக்கப்படும் என்று எழுதி ஒட்டினார். தெருவே வந்து படித்தது. "தேதி போட்டிருக்கு சரி, வருஷத்தைக் காணோமே மாஸ்டர்" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். மாஸ்டர் பேனாவை எடுத்து வருஷத்தையும் எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

விமானத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, ஜன்னலோரம் அவளை உட்கார வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. விமானம் நகரவில்லை. "சின்னதா ஒரு வேலை பாக்கி, இதோ கிளம்பிடுவோம்" என்று ஒலிபெருக்கியில் விமானியின் குரல் கேட்டது. இனிமையான குரல். அதைக் கேட்டவுடனே மாஸ்டரின் கை கழுத்தில் இல்லாத டேப்பைத் தேடியது.

"என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி.

"காஜா மட்டும்தான் பாக்கியாம்."

அந்தச் சின்ன வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. நடுநடுவே அதே குரல் வந்து, அதே இனிமையோடு, இதோ இதோ என்றது. மாஸ்டருக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பாவம், அவரும் எத்தனை முகங்களை வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பாலைவன நகரத்தில் ராத்திரி இறங்கியபோது இரண்டு மணி நேரம் என்பது அரை மணி நேரத்துக்கும் கீழே வந்திருந்தது. அந்த விமான நிலையமோ முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனது. கண்ணாடிச் சுவர், வாசனைக் கடைகள், பளபளவென்று வழுக்குகிற தரை, மறுபடியும் கண்ணாடிச் சுவர். அவர்கள் ஏற வேண்டிய வாசல் கடைசிக்கும் கடைசியில் இருந்தது. பாதி வழியில் மனைவி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"உக்கார வச்சுத் தள்ற வண்டி ஏதாவது கேக்கட்டுமா?"

"அது வர்றதுக்குள்ள நடந்தே வந்துடுவேன். நீங்க ஓடுங்க. போய் அவங்களை நிக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் ஓடினார். மிஷினில் உட்கார்ந்தே கழிந்த கால்கள் அவை. ஆனாலும் ஓடின. வாசலில் ஒரே ஓர் ஊழியர் நின்றுகொண்டிருந்தார். மூச்சு இரைக்கிற அந்த நேரத்திலும், அவருடைய கோட்டில் தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கியிருப்பது மாஸ்டரின் கண்ணில் பட்டுவிட்டது. எல்லோரும் ஏறியாயிற்று. கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. மாஸ்டர் இரண்டு டிக்கெட்டையும் நீட்டி, பின்பக்கம் கையைக் காட்டி, தமக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளைப் போட்டு, மனைவி வருகிறாள் என்று புரிய வைத்தார். அந்த ஊழியர் நல்ல மனிதர். உடனே போனை எடுத்து உள்ளே யாரிடமோ பேசினார். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை நிமிஷம் ஆகும் என்று மாஸ்டரைக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நீள வழியின் அந்தக் கோடியில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். இரண்டு அடி வைப்பாள், நிற்பாள், முட்டியைப் பிடித்துக்கொள்வாள், மறுபடி இரண்டு அடி.

ஐந்து என்று சொல்ல அவருடைய நாக்கு தயாராகத்தான் இருந்தது. கேட்கிறவர் முகம் மலரும். எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன நாக்கு அது. ஆனால் ஐந்து என்று சொல்லிவிட்டால், இங்கே இத்தனை பேர் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று கை காட்டுவார்கள். அவள் அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடியாக வேண்டும். அவளைத் தெரியாதா, ஓடவும் ஓடுவாள்.

ஒரு கையை விரித்துக் காட்டினால் போதும். மாஸ்டர் இரண்டு கையையும் விரித்தார்.

ஊழியர் அந்தப் பத்து விரல்களையும் பார்த்தார். போனில் சொன்னார். கேட்டார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷம் என்றால் நிறுத்தி வைத்திருப்பார்களாம். பத்துக்கு முடியாதாம். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி வந்து சேர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் விமானம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சாத்திய கதவையும் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பத்து."

"அஞ்சுன்னு சொல்லியிருந்தா?"

"நின்னிருப்பாங்களாம்."

"ஊர்ல ஒருத்தரை விடாம எல்லாருக்கும் புளுகினீங்க. எனக்குப் புளுகினீங்க, என் தங்கச்சிக்குப் புளுகினீங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மை சொல்றதுக்கு உங்களுக்கு இந்த இடம்தானா கிடைச்சுது?" என்று கேட்டவள், பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல், விரித்த கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியாமல் நின்றார்.

"அஞ்சுன்னா நீ ஓடணுமே" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் போய் வரிசையில் நின்று, வேறு டிக்கெட் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். எதிரில் நின்றபடியே, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார்:

"நாளைக்கு விடியக்காலம் ஆறு மணிக்குத்தான் அடுத்த விமானம். அது போய்ச் சேர்றதுக்குள்ள நாளைக்குக் காலைக் குட்டி விமானம் கிளம்பிடும். அதுக்கு அடுத்த நாள்தான் காட்டுக்குப் போக முடியும். ஒரு நாள் போச்சு. உன் ஒன்பது நாள்ல இப்ப எட்டுதான் இருக்கு. நீ கொஞ்சம் படு. அஞ்சு மணிக்கு எழுப்பறேன்."

"அஞ்சு மணிக்கா?"

"அஞ்சு மணிக்கு."

எந்த விமானம் எப்போது என்று எழுதிய பெரிய பலகை அவள் தலைக்கு நேர் மேலேயே மின்னிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலியெடுத்த காலைத் தூக்கி அவர் மடியில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.